குகன் பெயரில் பதிவான மூச்சு

முப்பத்திரண்டு வயதில் ‘ஓய்வு பெற்றவள்’ என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். ஆனாலும் அந்த வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி அதற்குள் போவதாக இல்லை. சிட்னியில், பரமட்டாவை ஒட்டிய தொழிற்பேட்டைத் தெரு ஒன்றில், ஐந்தரை ஆண்டுகள் கார்களில் இன்டர்லாக் பொருத்தினேன். குடித்துவிட்டு ஓட்டி அகப்பட்டவரின் காரில் வைக்கிற கருவி அது. அதில் ஊதினால்தான் கார் கிளம்பும். மூச்சில் மது இருந்தால் கிளம்பாது. அந்தத் தவறுதலும் நேரத்தோடு பதிவாகிவிடும்.

சென்ற மாதம் ஷாலினி தொலைபேசியில் அழைத்தாள். என்னோடு கடைசி ஓராண்டு வேலை செய்தவள். கல்யாணமாகி மெல்பேர்ன் போய், பொயிண்ட் குக்கில் வீடு வாங்கி, அங்கேயும் இதே வேலையில் சேர்ந்திருக்கிறாள்.

“அக்கா, இனிமே வர்ற பெட்டியில கேமரா இருக்குமாம். ஊதுறவங்களைப் போட்டோ எடுத்துடுமாம். உங்க காலத்துல இருந்த தலைவலி எதுவும் எங்களுக்கு இல்ல. நீங்கதான் எதுக்கெடுத்தாலும் லிஸ்ட் போடுவீங்களே, புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு எழுதித் தாங்களேன்.”

எழுத உட்கார்ந்தேன். லிஸ்ட் மூன்று வரியோடு நின்றுவிட்டது. மிச்சமெல்லாம் கோபமாக வந்தது. அதையே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. அவர்களை ஓட்டவிடாமல் தடுக்கிற கருவியை என் கையால் நூற்றுக்கணக்கான கார்களில் பொருத்தியவள் நான். அது நல்ல கருவி. என் கோபம் கருவியின் மீதல்ல; அதிலிருந்து வெளியே வரும் காகிதத்தின் மீதும், அந்தக் காகிதத்தைக் கையாண்டவர்கள் மீதும். அவர்களில் நானும் ஒருத்தி.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலேசியாவில் கிள்ளானிலிருந்து மின்னணுவியல் படிக்க வந்தேன். பிறகு டேஃப் தொழிற்கல்லூரியில் வாகன மின்சார வேலை கற்றேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். இந்தத் திட்டம் தொடங்கிய புதிதில் ஆள் தேடினார்கள்; தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் தெரியும் என்பதற்காக எடுத்துக்கொண்டார்கள். வேலைக்கு அந்த மொழிகள் உதவியதைவிட எனக்கு வேதனை தந்ததே அதிகம்.

ஒரு காருக்குச் சரியாக இரண்டரை மணி நேரம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றி, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் கம்பியைக் கண்டுபிடித்து வெட்டி, நடுவில் ரிலே என்கிற சுவிட்சை வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பின் மேலும் உறை போட்டுச் சூடு காட்டிச் சுருக்கி, அதன் மேல் எண் அச்சிட்ட முத்திரை நாடாவைச் சுற்ற வேண்டும். யாராவது பிரித்தால் நாடா கிழிந்து காட்டிக்கொடுக்கும். பிறகு அளவு தெரிந்த வாயுவைச் சிலிண்டரிலிருந்து செலுத்தி, கருவி அதே அளவைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் வாடிக்கையாளரை உட்காரவைத்து ஊதக் கற்றுக்கொடுப்போம். வெறுமனே ஊதினால் போதாது. ஊதிக்கொண்டே தொண்டையில் ‘ம்ம்ம்’ என்று ஒலி எழுப்ப வேண்டும். காற்றடிக்கும் பம்பை வைத்து ஏமாற்றாமல் இருக்க அந்த ஏற்பாடு.

அதன்பின் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கார் எங்களிடம் வரும். கேபிளைச் சொருகினால் இரண்டு மாத மூச்சும் காகிதத்தில் வரிசையாக இறங்கும்; அதைத் திட்டத்தை நடத்தும் அரசு அலுவலகத்துக்கு அனுப்புவோம். தேதி, நேரம், அளவு. தலைப்பில் ஒரே ஒரு பெயர், தண்டனை பெற்றவருடையது.

எங்கள் மேலாளர் கிரெக். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே சாப்பிடுவார், நின்றபடியே எழுதுவார். பிரிண்டரிலிருந்து வரும் தாளை மேசையில் இரண்டு தட்டுத் தட்டி ஓரம் சேர்த்து, கவுண்டரின் மேலேயே, எழுத்து மேலே தெரியும்படி வைப்பார். காத்திருப்பவர்களில் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். ஒருமுறை நான் அதைக் கவிழ்த்து வைத்தேன். “பெயர் தெரிய வேண்டாமா, நான் எப்படித் தேடுவது?” என்று மறுபடி திருப்பி வைத்தார். எனக்குச் சொல்லித்தந்த விதி மூன்று சொல்: படி, அச்சிடு, அனுப்பு. “நாம் விளக்கம் சொல்கிறவர்கள் இல்லை” என்பார்.

ஒருநாள் ஒரு லாரி நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் பெயரைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எப்படி என்று விசாரித்தார்கள். கிரெக் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கோப்பைப் புரட்டி, ஞாயிற்றுக்கிழமை வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். அவர் மனதில் வன்மம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கேட்டார்கள், சொன்னார். தப்புச் செய்தவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது என்பது அவருடைய எண்ணம். அதை மறுத்து அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதும்போது அதுதான் முதலில் உறுத்துகிறது.

இனி குகனைப் பற்றி.

குகன் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக வந்து, பல ஆண்டு காத்திருந்து விசா கிடைத்தவர். வெஸ்ட்மீட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் பிற்பகல் ஷிஃப்ட். நண்பரின் புதுமனைப் புகுவிழாவுக்குப் போய்த் திரும்பும் வழியில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னது. லைசென்ஸ் தடைக்காலம் முழுவதும் ஓட்டாமல் இருப்பது அல்லது அதில் பெரும்பகுதிக்கு இன்டர்லாக்கோடு ஓட்டுவது என்று நீதிமன்றம் சொல்ல, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். மனைவி வாசுகி அப்போது இரண்டாவது பிள்ளைக்கு நிறைமாதம்.

பொருத்திய அன்று ‘ம்ம்ம்’ ஒலி எழுப்பச் சொல்லிக்கொடுத்தேன்.

“தங்கச்சி, என்ன ராகம் வேணும்?” என்றார்.

“எந்த ராகமும் வேணாம் அண்ணே. இழுத்து ஊதுங்க போதும்.”

“கல்யாண வீட்டில நாதஸ்வரக்காரன்கூட இவ்வளவு ஊதமாட்டான். குடிக்கேக்க ஒருத்தரும் இப்பிடிப் பழக்கித் தரேல்ல.”

கார் அவர் பெயரில் இல்லை. வாசுகியின் அண்ணன் தேவராஜா அங்கிளின் பெயரில் இருந்தது. எங்கள் ஆட்களிடையே இது சாதாரணம்: முதலில் வந்து காலூன்றியவர் தன் பெயரில் காரைப் பதிந்து, பிந்தி வந்தவருக்கு ஓட்டக் கொடுப்பார். அதனால் சம்மதப் படிவத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் அங்கிள்தான் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தின் மதிப்பு அன்று யாருக்கும் தெரியவில்லை.

முதல் சோதனையில் ஒரு தவறும் இல்லை. இரண்டாவது சோதனைக்கு வந்தபோது குழந்தைக்கு மூன்று மாதம். கேபிளைச் சொருகினேன். தாள் இறங்கியது. பதினொரு தவறுதல். பதினொன்றும் திங்கள், புதன், வெள்ளி. பதினொன்றும் காலை எட்டே முக்காலை ஒட்டி.

நான் எண்களைப் பார்த்துப் பழகியவள். ஒவ்வொரு தவறுதலுக்கும் கால் மணி நேரம் கழித்து அதே காரில் இன்னொரு மூச்சு இருந்தது. அதில் சுத்தமாகப் பூச்சியம். முதல் மூச்சில் மேலே ஏறிய அளவு, பதினைந்து நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் போயிருந்தது. இரத்தத்தில் ஏறிய மது அப்படி இறங்காது, இறங்க மணிக்கணக்காகும். கால் மணியில் மறைவது வாயில் தங்கிய மது மட்டுமே. வாய் கொப்பளிக்கும் மருந்து, இருமல் மருந்து, இப்படி ஏதாவது. குடித்தவரின் மூச்சு இல்லை இது.

“அண்ணே, காலையில வாய் கொப்பளிக்க ஏதும் பாவிக்கிறீங்களா? மருந்து ஏதும்?”

குகன் அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். விரலை நேரங்களின் மீது மேலிருந்து கீழே கொண்டுபோனார். அவர் முகம் ஒரு கணம் வேறு மாதிரி ஆனது. பிறகு தாளை மடித்துக் கொடுத்தார்.

“ஓம். அது நான்தான்.”

“இல்ல அண்ணே, இது குடிச்ச மாதிரித் தெரியல. எனக்கு விளக்கம்...”

“நான்தான் எண்டு சொல்லுறன். எழுதுங்கோ தங்கச்சி.”

கிரெக்கிடம் போனேன். இது வாய் மது, ஒரு குறிப்பு இணைத்து அனுப்பலாம் என்றேன். “அவரே ஒத்துக்கொண்டார். குறிப்புக்குப் படிவத்தில் இடம் எங்கே?” என்றார். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடம் இல்லை.

இரண்டு நாள் கழித்து தேவராஜா அங்கிள் கடைக்கு வந்தார். கவுண்டரில் தாளைப் பார்த்த யாரோ சொல்லியிருக்க வேண்டும். தன் காரில் என்ன நடக்கிறது என்று தெரியவேண்டும் என்றார். நான் கிரெக்கைப் பார்த்தேன். “படிவத்தில் உரிமையாளர் இவர்தானே? உரிமையாளர் கேட்டால் ஒரு பிரதி” என்றார் அவர். மறுக்க எனக்கு ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் எதிரே நின்றவர் நரைத்த தலை, மடித்த சட்டைக்கை, “பிள்ளை, சுகமோ?” என்று கேட்டவர். அங்கிள் கேட்டார், நான் கொடுத்தேன். இரண்டு கையாலும் கொடுத்தேன். கார் அவருடையதாக இருக்கலாம், அதிலிருந்த மூச்சு அவருடையதல்ல என்று அப்போது என் வாய் சொல்லவில்லை.

அடுத்து நடந்ததை மூன்று நாள் கழித்துத்தான் அறிந்தேன். அங்கிள் நேரே தங்கையின் வீட்டுக்குப் போயிருக்கிறார். இன்னும் குடியை விடாதவனோடு கைக்குழந்தையை வைத்திருப்பாயா என்று கேட்டு, வாசுகியையும் இரண்டு பிள்ளைகளையும் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார். காரையும் எடுத்துக்கொண்டார். குகன் அண்ணன் ஒரு வார்த்தை மறுக்கவில்லையாம்.

மூன்றாம் நாள் காலை அந்தக் கார் எங்கள் முற்றத்தில் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் அங்கிள். பின்னிருக்கையில் வாசுகி, மடியில் குழந்தை.

“இதைக் கழட்டுங்கோ பிள்ளை. என்ர காரை எடுக்க நான் நடுறோட்டில நிண்டு ஊத வேண்டிக் கிடக்கு. அவனுக்கு இனி இந்தக் கார் இல்லை.”

வாசுகி இறங்கி வந்தாள். என்னைவிட இரண்டு வயது கூடியிருக்கலாம். அழுது ஓய்ந்த கண்கள்.

“நீங்களோ அந்தக் கடதாசி குடுத்தது?”

“ஆமா அக்கா.”

“அந்தப் பதினொண்டும் எத்தினை மணிக்கு?”

சொல்ல வாயெடுத்தேன். கிரெக் பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லி அழைத்தார். வாடிக்கையாளரின் தகவலை மூன்றாம் ஆளிடம் பேசக்கூடாது, அது தனியுரிமை விதி என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். மூன்று நாளைக்கு முன் அதே கவுண்டரில் அதே தாளை மூன்றாம் ஆளின் கையில் கொடுக்கச் சொன்னவர்.

“அது பிரதி. இது விளக்கம்” என்றார். அவர் கேலி செய்யவில்லை. அப்படித்தான் நம்பினார்.

ஒரு குடும்பத்தைப் பிரிக்கிற வரையில் இல்லாத தனியுரிமை, சேர்த்துவைக்க ஒரு வாக்கியம் சொல்லப்போகும்போது எங்கிருந்தோ வந்து குறுக்கே நின்றது. ஐந்தரை ஆண்டில் என் குரல் உயரப் பார்த்த ஒரே தருணம் அது. உயர்த்தவில்லை. வாசுகியிடம், “அக்கா, பேப்பர் அங்கிள் பாக்கெட்ல இருக்கு. அதுல நேரம் போட்டிருக்கும்” என்றேன்.

அவள் வாங்கிப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

“அண்ணா, இந்த நேரத்தில அவர் நித்திரை. பிள்ளையை நெஞ்சில போட்டுக்கொண்டு கதிரையில நித்திரை. திங்கள், புதன், வெள்ளியில மூத்தவளைப் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோறது நான். கார் என்னட்ட.”

“அப்ப... நீ குடிச்சனியோ?”

நான் குறுக்கிட்டேன்.

“வீட்ட விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி என்ன குடிப்பீங்க அக்கா?”

“தேத்தண்ணி. பிறகு மருந்து. பிள்ளை பெத்த உடம்புக்கு எண்டு குடிக்கிற அரிஷ்டம். ஹரிஸ் பார்க் நாட்டுமருந்துக் கடையில வாங்கினது. சாப்பிட்ட பிறகு குடிக்கவேணும் எண்டு வெளிக்கிடேக்க குடிப்பன். பெட்டி சிவப்புக் காட்டும். வயிறு வெட்டிப் பிள்ளை எடுத்த உடம்பு, வடிவா ஊத ஏலாமல் கிடக்கு எண்டு நினைச்சன். கொஞ்சம் இருந்து ஊதினா எடுக்கும். இதையெல்லாம் அவருக்குச் சொல்லுவினமோ?”

அரிஷ்டம் நொதிக்கவைத்துச் செய்கிற மருந்து. அதில் தானாகவே மது உண்டு. போத்தலின் லேபிளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதை அவள் ஏன் படிக்கப்போகிறாள்? மருந்துதானே.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குழந்தையை அண்ணனின் கையில் கொடுத்துவிட்டாள். பையிலிருந்து போத்தலை எடுத்து, மூடியில் அளந்து குடித்து, காரில் ஏறி உட்கார்ந்து ஊதினாள். “பாருங்கோ அண்ணா.” சிவப்பு விளக்கு எரிந்தது.

கருவி தன்னைப் பூட்டிக்கொண்டது. நாங்கள் காத்திருந்தோம். குழந்தை அழுதது. அங்கிள் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தோளில் போட்டபடி முற்றத்தின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நடந்தார். கால் மணி நேரம். வாசுகி மறுபடி ஊதினாள். பச்சை. கார் கிளம்பியது.

அங்கிள் காரின் கூரையில் கை வைத்து நின்றார். “அவன் ஏன் எனக்குச் சொல்லேல்ல?” என்றார்.

“உங்களிட்ட என்னைக் காட்டிக்குடுக்க அவருக்கு மனம் வரேல்ல” என்றாள் வாசுகி. “நான் குடிச்சனெண்டே அவர் நினைச்சிருக்கிறார். நினைச்சும் சொல்லேல்ல.”

அன்று மாலையே அவள் வீடு திரும்பினாள். கதை அங்கே நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அவர்கள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. என் மேசை மேல் பதிவேடு இல்லாத பரிசோதனைக் கருவி ஒன்று இருந்தது. வாசுகியை அதில் ஊதவைத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறவளுக்கு அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. அவள் காரில் ஊதினாள். குகன் அண்ணன் குடிக்கவில்லை என்பதற்கான நிரூபணம், அவருடைய பன்னிரண்டாவது தவறுதலாகப் பதிவானது.

கிரெக் வேண்டாம் என்றும் நான் ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். நேரம், இறங்கிய வேகம், வாய் மது, இன்னொரு ஓட்டுநர். அதை அறிக்கையோடு அனுப்பினேன். அரசு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: இன்னொரு ஓட்டுநர் என்றால் அவருடைய முழுப்பெயர், லைசென்ஸ் எண், கையெழுத்திட்ட வாக்குமூலம் வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பதிவும் திட்டத்தில் இருப்பவரையே சேரும்.

குகன் அண்ணனை வரச் சொல்லிக் கடிதத்தைக் காட்டினேன். வாசுகி அக்கா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். அவர் கடிதத்தைத் தொடவில்லை.

“கைப்பிள்ளையோட இருக்கிற பொம்பிளை. அவவின்ர பேரைப் போட்டு, மூச்சில மது எண்டு ஒரு கடதாசி. அது எந்தக் கந்தோருக்குப் போகும், ஆர் வாசிப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“கூடவே அரிஷ்டம்னு விளக்கம் இருக்கும் அண்ணே.”

“விளக்கம் கழண்டு போகும் தங்கச்சி. எண் நிக்கும். அரசாங்கத்தில பிள்ளையள் விஷயம் பாக்கிற ஆக்கள் ஒருநாள் கதவைத் தட்டினா, அவைக்கு நான் அரிஷ்டத்தைப் பற்றி எந்த இங்கிலீசில சொல்லுறது? ஏழு வருஷம் என்ர ஃபைலைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சனான். எனக்குக் கடதாசியைத் தெரியும். என்ர பேரிலயே கிடக்கட்டும்.”

அவர் பயப்பட்டது நடந்திருக்காது என்று நீங்கள் சொல்லலாம். நடக்காது என்று அவருக்குச் சொல்ல, கவுண்டரில் தாளைத் திறந்து வைத்த எங்களுக்கு என்ன தகுதி இருந்தது?

அவரைத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். மிச்சத் தடைக்காலம் முழுவதும் ஓட்டக்கூடாது. செய்யாத பன்னிரண்டு குற்றங்கள் அவர் பெயரில் அசையாமல் உட்கார்ந்துகொண்டன. அங்கிள் காரைத் தங்கையிடமே விட்டார். பிற்பகல்களில் அவளே அவரை வேலைக்குக் கொண்டுபோய் விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஷாலினி, கேமரா வந்தால் தலைவலி தீரும் என்றாயே. யோசித்துப் பார். கேமரா இருந்திருந்தால் குகன் அண்ணன் தப்பியிருப்பார். ஆனால் பன்னிரண்டு சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் பன்னிரண்டு தடவை வாசுகியின் முகம் இருந்திருக்கும். அந்தப் படங்கள் கிரெக்கின் கவுண்டரில் மேல்பக்கம் தெரிய வைக்கப்பட்டிருக்கும். வண்டியில் யார் ஊதினார் என்பதைவிட, ஊதியது யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. அதைக் கேட்கிற கட்டம் அன்று எந்தப் படிவத்திலும் இல்லை. இன்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல். உனக்காக எழுதத் தொடங்கிய லிஸ்டின் மூன்று வரி இவைதான்: பொருத்துகிற அன்றே, இந்தக் காரில் வேறு யார் யார் ஊதுவார்கள் என்று கேள். அவர்களிடமும் உட்கார்ந்து பேசு, என்ன மருந்து குடிக்கிறார்கள் என்பது உட்பட. காகிதத்தைக் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், அங்கிளாகவே இருந்தாலும், கொடுக்காதே.

குகன் அண்ணனைத் திட்டத்திலிருந்து நீக்கிய பிறகு அந்தக் கருவியைக் கழற்றியதும் நான்தான். வாசுகி காரைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்திவிட்டு, அடுத்த தெருவில் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தாள். காரை முற்றத்திலிருந்து உள்ளே கொண்டுவர வேண்டும். ஏறி உட்கார்ந்து, குழாயை வாயில் வைத்து, ‘ம்ம்ம்’ என்று இழுத்து ஊதினேன். பச்சை எரிந்தது. உள்ளே நிறுத்தி, கேபிளைச் சொருகி, கடைசிப் பதிவை அச்சிட்டேன். கடைசி வரியில் அன்றைய தேதியும் நேரமும் இருந்தன, அளவு பூச்சியம். அது என் மூச்சு. தாளின் தலைப்பில் குகனின் பெயர் இருந்தது.